மாடம்பாக்கத்துக்குக் கொதிகலன் வந்த கதை

எங்கள் ஊர் இந்திய இத்தாலியத் தொழில்நுட்பப் பள்ளியில் காலை வணக்கப் பாட்டு முடிந்ததும் பள்ளியின் வரலாறு சொல்லப்படும். எங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாறு அல்ல. அதற்கு வரலாறு என்று சொல்லிக்கொள்ளும்படி அப்போது எதுவும் நடந்திருக்கவில்லை. இத்தாலியில் மொந்தெகிரிஸ்போ என்ற மலையூரில் இருந்த தாய்ப் பள்ளியின் வரலாறு. பனிச்சரிவில் வரப்பு அழிந்துபோன வயல்களை அளக்க ஆள் வேண்டும் என்று ஒரு பிரபு அதைத் தொடங்கினாராம். ராஜா காலத்தில் அது நில அளவைப் பிரிவாக இருந்தது. சர்வாதிகாரி காலத்தில் அளவையாளர் கழகம் ஆனது. குடியரசு வந்ததும் மறுபடி பெயர் மாறி, கணக்குக் கூடியது, லத்தீன் குறைந்தது. பிள்ளைகள் வெயிலில் நின்று இதையெல்லாம் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். 'லத்தீன் குறைந்தது' என்ற இடத்தில் எல்லோரும் தலை குனிய வேண்டும். முதல் வருஷம் அந்த இடம் வந்தபோது ஒருவன் வெயில் தாங்காமல் மயங்கிச் சரிந்தான். மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்துத் தாங்களும் குனிந்தார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது.

இந்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் பொன்னுரங்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாம் கல் நட்டுப் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவருடைய பங்காளிகள் ஸ்கூட்டர் வாங்கினார்கள், கிழக்குத் தாம்பரத்தில் பாத்திரக்கடை வைத்தார்கள். பொன்னுரங்கம் மட்டும் சாலையோரம் இருந்த தன் வீட்டை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஏரி வரைக்கும் போன நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஒரே மகள், திரிபுரசுந்தரி. "நான் காட்டின எடத்துல எல்லாம் கைநாட்டு வச்சிகினு கெடக்கறேன். எம் பொண்ணு அந்த மாரி நிக்கக் கூடாது" என்றார். பதிலுக்கு அவர் கேட்டது மகளுக்கு ஓர் இடம். பள்ளி முதல்வர் தனசிங் அதை மேடையிலேயே ஒப்புக்கொண்டு, அவரை 'மாடம்பாக்கத்தின் பிரபு' என்று அழைத்தார். பிரபு அன்று சட்டை போட்டிருக்கவில்லை.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். பெயரை நான் சொல்லப்போவதில்லை, கல்லில் இருக்கிறது. முதல் நாள் இரவு அடித்த மழையில் நிலம் முழுக்கச் சேறு. கார் பொன்னுரங்கம் வீட்டு வாசல் வரைக்கும்தான் போனது. பெரிய மனிதர் தன் செருப்பைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குக் கீழ்க்கட்டளை என்ற ஊரில் இன்னொரு விழா இருந்தது. தனசிங் நிலைமையைப் புரிந்துகொண்டு கல்லைத் தூக்கி வரச் சொன்னார். கார்க்கதவுக்குப் பக்கத்திலேயே, பொன்னுரங்கத்தின் மாட்டுத் தொட்டிக்கு அருகில் குழி வெட்டினார்கள். பெரிய மனிதர் வெள்ளிக் கரண்டியால் சிமெண்ட் பூசினார், எல்லோரும் கை தட்டினார்கள், பொன்னுரங்கமும் தட்டினார்.

"சார், கல்லு நம்ம வாசல்ல கீதே" என்று கார் போனபிறகு கேட்டார்.

"டெம்பரரி. சேறு காஞ்சதும் உள்ளே எடுத்து வெச்சிடலாம்" என்றார் தனசிங்.

சேறு காய்ந்தது. கல்லைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பெரிய மனிதர் பதவியில் இருந்தவரைக்கும் அவர் பெயரை யார் பெயர்த்தெடுப்பது என்று பயம். பதவி போனபிறகு திரும்பி வந்துவிடுவாரோ என்று பயம். திரும்பி வந்தபிறகு, நல்ல காலம், நாம் கை வைக்கவில்லை என்று நிம்மதி. இப்படியே வருஷங்கள் போயின.

இதில் கஷ்டம் என்னவென்றால், தாய்ப் பள்ளியோடு செய்த ஒப்பந்தப்படி அதன் பாடத்திட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. 'நிறுவனத்தின் எல்லா அளவுகளும் அடிக்கல்லிலிருந்தே தொடங்கும்' என்பது அதில் ஒரு விதி. மொந்தெகிரிஸ்போவில் அடிக்கல் கட்டடத்தின் வடகிழக்கு மூலையில் இருந்தது. ஆகவே எங்கள் பள்ளியின் மூலப்படத்திலும் கல்லை வடகிழக்கு மூலையாக வைத்துக் கட்டடத்தை வரைந்தார்கள். அந்தப் படத்தின்படி முதல்வர் அறை பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது. நூலகம் நடுச்சாலையில் இருந்தது. பொன்னுரங்கத்தின் வீடு கொதிகலன் அறை. நல்லவேளையாகக் கட்டடம் கட்டிய மேஸ்திரி படத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. நிலம் எது என்று பொன்னுரங்கத்தைக் கேட்டுக் கட்டிவிட்டுப் போனார். அதனால்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடத்து நிலத்திலேயே எழும்பியது.

கொதிகலன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குளிர்காலத்தில் வகுப்பறைகளைச் சூடுபடுத்துவதற்கு.

சுந்தரி எட்டாம் வகுப்பு முடித்து அங்கே சேர்ந்தாள். ஐந்து வருஷப் படிப்பு. நில அளவை, கட்டடக் கலை, சொத்து மதிப்பீடு, நிறுவன வரலாறு. சொத்து மதிப்பீட்டில் ஆலிவ் தோப்புக்கு விலை போடக் கற்றுக்கொண்டாள். ஆலிவ் மரம் இல்லாததால் பள்ளி வாசல் வேப்பமரத்துக்கு 'ஆலிவ்' என்று தகரத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். அதன் பழத்தைப் பிழிந்தால் எவ்வளவு எண்ணெய் வரும் என்று கணக்குப் போட்டாள். கட்டடக் கலையில் கூரை மேல் விழும் பனியின் எடை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பனியைப் பற்றிச் சொல்வாள்.

"மார்கழியில காலங்காத்தால உய்வுதே, அதானே?" என்பாள் கிளியம்மாள்.

"அது இல்லம்மா. இது மூட்டை மூட்டையா விழும். கூரையே ஒடஞ்சிடும்."

"அப்ப ஓட்டு வூட்ல எப்டிடீ இருப்பாங்க?"

சுந்தரிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அம்மாவின் வீட்டுக்கே ஒரு கூரை வரைந்து காட்டினாள், செங்குத்தாக, பனி வழுக்கி விழும்படி. பொன்னுரங்கம் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். படித்து முடித்ததும் மகள் உத்தியோகத்துக்குப் போவாள், அப்பா வாசலில் நின்று வழியனுப்புவார் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் வருஷம் பனிச்சுமைச் செய்முறை. கோவளத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அங்காளம்மாவிடம் ஐஸ் கேட்டார்கள்.

"மீனுக்கு வைக்கிற ஐஸு கூரைக்கு இன்னாத்துக்கு சார்?" என்றாள் அவள்.

"கூரை தாங்குதான்னு பார்க்கணும்மா" என்றார் தனசிங்.

"தாங்காங்காட்டி?"

"பாடம் நல்லா விளங்கும்."

ஐஸைத் தட்டிப் பட்டறைக் கூரையில் பரப்பினார்கள். மே மாதம். பாடத்திட்டம் கம்பளி உடை என்று சொல்லியிருந்ததால் பிள்ளைகள் தாம்பரம் ரயிலடியில் வாங்கிய குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள். தனசிங் பனியின் மாண்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேசி முடிப்பதற்குள் பனி வாசல் வழியாக வெளியே போய்விட்டது. மிச்சம் இருந்த செதில்களுக்குக் காக்கைகள் வந்தன, பிறகு பூனைகள் வந்தன. 'கூரை பனியைச் சிறப்பாகத் தாங்கியது' என்று மொந்தெகிரிஸ்போவுக்கு அறிக்கை போனது. பட்டறையில் ஒரு மாதம் மத்தி மீன் வாடை.

அறிக்கையைப் படித்துத்தானோ என்னவோ, அடுத்த வருஷம் தாய்ப் பள்ளியிலிருந்து ரிக்கார்தி என்ற வயதான ஆசிரியர் எங்களைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நின்று, தன் பள்ளியின் வரலாற்றைச் சுந்தரி ஒப்பிக்கக் கேட்டார். தலை குனியும் இடத்தில் அவரும் குனிந்தார். பிறகு தனசிங்கைத் தனியாக அழைத்து, மெதுவான ஆங்கிலத்தில், இந்தப் பாடத்திட்டத்தைத் தாங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டதாகவும், இப்போது அங்கே கம்ப்யூட்டர் சொல்லித்தருவதாகவும் தெரிவித்தார்.

தனசிங் அதை மேடையிலேயே எல்லோருக்கும் சொன்னார். "தாய் மாறலாம். மனசு மாறலாம். ஆனா பிள்ளை மாறக் கூடாது. அவங்க தொலைச்சதை நாம காப்பாத்தி வெச்சிருக்கோம். இன்னிக்கு உலகத்துல இந்தக் கல்வி கிடைக்கிற ஒரே ஊர் நம்ம மாடம்பாக்கம்." பெற்றோர்கள் கை தட்டினார்கள்.

போகும்போது ரிக்கார்தி பொன்னுரங்கத்தின் வாசலில் நின்றார். கல்லைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மாட்டுத் தொட்டியைப் பார்த்தார். கல்லை நகர்த்தினால் என்ன என்று கேட்டார். தனசிங் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "அதில் பெயர் இருக்கிறது" என்றார். கிளியம்மாள் மோர் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்துவிட்டுக் கும்பிட்டார். குளிர்காலத்தில் இந்தப் பிள்ளைகள் என்ன பாடுபடுகின்றனவோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இங்கே தான் நின்ற ஏப்ரல் வெயில் ஊர் போய்ச் சேர்ந்ததும் மறந்துவிட்டதோ என்னவோ. அந்த இரக்கத்தின் பலனைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தாம் வருஷக் கடைசித் தேர்வு ஒரே ஒரு செய்முறை. நிறுவனத்தை அடிக்கல்லிலிருந்து அளந்து படம் வரைய வேண்டும். மூலப்படத்தோடு ஒத்துப்போனால் தேர்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் அளந்தவர் கை சரியில்லை என்று பொருள். முந்தைய வருஷங்களில் எல்லோரும் அளவைச் சங்கிலியைத் தரையில் போட்டு எடுத்துவிட்டு, மூலப்படத்தைப் பார்த்து வரைந்து, தேறிப் போயிருந்தார்கள். சுந்தரி உண்மையாகவே அளந்தாள். தன் வீட்டைச் சுற்றி நடந்தாள். அம்மாவின் அடுப்படிக்கு மேல் 'கொதிகலன் அறை' என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

அளவை ஆசிரியர் சுப்ரமணியன் அவளைத் திட்டவில்லை. "எனக்குத் தெரியாதாம்மா? உங்க வீட்டுல எத்தனை நாள் மோர் குடிச்சிருக்கேன். ஆனா மார்க்கு நான் வீட்டைப் பார்த்துப் போட முடியாது. படத்தைப் பார்த்துத்தான் போடணும். இன்னும் ரெண்டு நாள் இருக்கு. யோசி" என்றார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வந்துபோகிறவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று மாலை சுந்தரி சாப்பிடவில்லை. பொன்னுரங்கம் விஷயத்தைக் கேட்டார்.

"இத்த எய்தாங்காட்டி ஃபெயிலா?"

"ஆமாம்ப்பா."

"எய்துனா?"

"நம்ம வூடு பள்ளிக்கூடத்துதுன்னு எங்கையால எய்தின மாரி ஆவும்."

பொன்னுரங்கம் சிரித்தார். "அட, இவ்ளோதானா? இத்தினி வருசமா அம்மாம் பேரும் அப்டித்தானே எய்திகினு போறாங்கோ. வூடு நகந்துச்சா? பஸ்ஸு நிக்கற எடத்துல பெரிய சாரு ரூமுன்னு கூடத்தான் எய்தறாங்க. அவரு இன்னா அங்க போயி குந்திகினா கீறாரு? தாளு தாளுதான், வூடு வூடுதான். அஞ்சு வருசம் கண்ணு முழிச்சிப் படிச்சத ஒரு அடுப்படிக்கோசரம் வுட்டுடாத. எய்திடு பாப்பா."

கல்லும் மண்ணும் மாறாது, எழுத்து வெறும் எழுத்து என்று அவர் நம்பினார். ஊரில் பரம்பரையாக நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். வேலியையும் வரப்பையும் தெரிந்தவர்களுக்குத் தாளைப் பற்றித் தெரியாது. சுந்தரிக்குத் தெரியும். அதற்காகத்தானே அவளைப் படிக்க வைத்தார். ஆனால் அப்பா சிரித்த சிரிப்பைப் பார்த்து அவளும் எழுதிவிட்டாள். பள்ளியின் வரலாற்றிலேயே அவ்வளவு அழகான படம் வந்ததில்லை என்றார்கள். முதல் பரிசு.

பரிசளிப்புக்கு முன்பே இத்தாலியிலிருந்து கப்பலில் கொதிகலன் வந்து சேர்ந்துவிட்டது.

மொந்தெகிரிஸ்போவில் புதுக் கொதிகலன் வாங்கியிருந்தார்கள். பழையதை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, ரிக்கார்தி எங்கள் பிள்ளைகளை நினைத்துக் கொண்டார். லாரியில் அது வேளச்சேரி வழியாக வந்தது. யானை அளவு இரும்பு. வழியில் கூடிய ஜனங்கள் ஏதோ கோயில் தேருக்கான சாமான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மூலப்படத்தில் குறித்த இடத்தில் பொருத்தாவிட்டால் நன்கொடை ரத்து. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வகுப்பறைகளில் மின்விசிறிகூட இல்லை.

பரிசளிப்பு விழாவில் பொன்னுரங்கத்தையும் கிளியம்மாளையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். சுந்தரி வரைந்த படம் மேடையில் தொங்கியது. தனசிங் உருகிப் பேசினார்.

"சிலர் கேக்கிறாங்க, இந்த இடம் யாருடையதுன்னு. நான் சொல்றது இருக்கட்டும். அந்த வீட்டுப் பொண்ணே அளந்து, கொதிகலன் அறைன்னு எழுதியிருக்கு. பொறந்த வீடுன்னுகூடப் பார்க்கலை. இதுதான் நம்ம கல்வி. எங்க பிள்ளைகளுக்கு நாங்க பொய் சொல்லித் தரலை, அளக்கச் சொல்லித் தந்திருக்கோம். பொன்னுரங்கம் ஐயா அன்னிக்கு நிலம் கொடுத்தார். இன்னிக்கு, தெரியாம வெச்சிருந்த மிச்சத்தையும் கொடுக்கிறார். எழுந்து நில்லுங்க ஐயா."

பொன்னுரங்கம் எழுந்து நின்றார். கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. மேடையில் பதக்கத்தோடு நின்ற மகளின் முகத்தைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. பக்கத்தில் இருந்த கிளியம்மாளிடம், "இன்னாடி, நம்ம வூட்டையா சொல்றாரு?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு அவர் போகாத ஆபீஸ் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் படத்தைப் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், வரைந்தது யார் என்று கேட்டார்கள். தன் மகள் என்று அவர் சொன்னதும் அப்புறம் என்ன என்றார்கள். சாலை அரசாங்கத்துடையது, பஸ் நிற்கும் இடம் பஸ்காரர்களுடையது, அவற்றின் மேல் இருந்த முதல்வர் அறையையும் நூலகத்தையும் ஒன்றும் செய்ய முடியாது. படத்தில் நகர்த்தக்கூடியதாக இருந்தது ஒரே ஒரு வீடுதான். "அந்தப் படம் தப்புன்னு நானே எழுதித் தரேன்" என்று சுந்தரி தனசிங்கிடம் போய் நின்றாள். "தப்புன்னா நீ ஃபெயில், பதக்கத்தையும் திருப்பித் தரணும். வீடு அப்பவும் போகும், மத்த வருஷத்துப் படங்கள் இருக்கே" என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

சுந்தரி வேலைக்கு மனுப் போட்டாள். அவளுடைய படிப்பைப் பிளஸ் டூவில் சேர்ப்பதா, டிப்ளமோவில் சேர்ப்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மொந்தெகிரிஸ்போவிலேயே அது இப்போது இல்லை. அந்தப் படிப்பை மதிக்கிற ஒரே இடம் அதைக் கொடுத்த இடம்தான். தனசிங் அவளுக்கு அளவை உதவியாளர் வேலை கொடுத்தார், தற்காலிகம். வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். பொன்னுரங்கம்தான் விடவில்லை. "வூடுதான் இல்லன்னு ஆயிடுச்சி. நீயும் சும்மா குந்திகினா, நான் இன்னாத்துக்கு இம்மாம் நாளு..." என்றார். அவள் போய்ச் சேர்ந்தாள்.

முதல் வேலை, இடிக்கும் ஆட்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுப்பது.

ஒரு திங்கட்கிழமை காலை சுந்தரி சுண்ணாம்பு வாளியோடு தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். சாமான்களை எல்லாம் ராஜகீழ்ப்பாக்கத்தில் பிடித்திருந்த வாடகை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இடிக்கும் ஆட்கள் வேப்பமர நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். தனசிங் குடையோடு நின்றிருந்தார். கயிறு கட்டி முடித்தாயிற்று. அவள் குனிந்து வாளியில் கையை விட்டாள். எடுக்க முடியவில்லை. மறுபடி விட்டாள். அள்ளிய சுண்ணாம்பு காலிலேயே கொட்டியது.

"என்னம்மா? அஞ்சு வருஷம் படிச்சது ஒரு கோட்டுக்கு வரலையா? இது வேலை. வீட்டு ஞாபகம் எல்லாம் கேட்டுக்கு வெளியே வெச்சிட்டு வரணும்" என்றார் தனசிங்.

"கேட்டு எங்க சார் இருக்கு?" என்றாள் சுந்தரி. அந்தப் படத்தின்படி அவள் பிறந்ததிலிருந்தே பள்ளிக்கு உள்ளேதான் இருந்தாள். தனசிங் கடிகாரத்தைப் பார்த்தார்.

பொன்னுரங்கம் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். மகளின் கையிலிருந்து வாளியை வாங்கினார்.

"நீ இத்தப் போடாத. கை நடுங்குது, கோணிக்கும். அப்பறம் வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

"வேணாம்ப்பா."

"சும்மா இரு."

அவர் கயிற்றை ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டு போனார். வாசற்படியைத் தாண்டினார், கூடத்தைக் கடந்தார், அடுப்படியில் நின்றிருந்த கிளியம்மாளிடம், "கொஞ்சம் நவுந்துக்கோ" என்றார். அவள் நகர்ந்தாள். அவள் காலடி இருந்த இடத்தில் கோடு போய்ப் பின்கட்டு வழியாக வெளியே வந்தது. தனசிங் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனார்.

பொன்னுரங்கம் வெளியே வந்து வாளியை மகளிடம் கொடுத்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை.

"நேரா கீதா பாரு" என்றார்.

சுந்தரி பார்த்தாள். வீட்டுக்குள் ஒரு கோடு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும். "நேரா கீதுப்பா" என்றாள்.

"அப்ப யாரு கேட்டாலும் நீ போட்டதுன்னு சொல்லு" என்றார் பொன்னுரங்கம்.